பழைய சக்கரம் கேட்கும் டயர்

1980-களின் தொடக்கத்தில் வெளிவந்த ஒரு பிஎம்டபிள்யூ 6 வரிசைக் காரை இன்று ஆசையோடு வாங்குபவர் இன்ஜின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்பார். கதவுக்கு அடியில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். சக்கரத்தின் விட்டம் என்ன என்று கேட்க அவருக்குத் தோன்றாது. முதன்முறை டயர் கடைக்குப் போகும்போதுதான் விஷயம் தெரியவரும். அந்தக் காலத்து பிஎம்டபிள்யூக்கள் பலவற்றில் இருப்பது 15 அங்குலச் சக்கரமும் இல்லை, 16 அங்குலச் சக்கரமும் இல்லை. 390 மில்லிமீட்டர் சக்கரம். 15 அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் 9 மில்லிமீட்டர். அந்த 9 மில்லிமீட்டரால், கடையில் கூரைவரை அடுக்கியிருக்கும் டயர்களில் ஒன்றுகூட அந்தக் காருக்கு உதவாமல் போய்விடும்.

இது மிஷ்லன் நிறுவனம் 1975-இல் அறிமுகப்படுத்திய டிஆர்எக்ஸ் என்ற டயரின் கதை. ரிம்மின் ஓரத்தைத் தாழ்த்தி, அதன் வளைவைச் சாய்வாக்கினால் டயரின் பக்கச்சுவர் திடீரென்று மடங்காமல் ஒரே சீராக வளையும். உயரம் குறைந்த டயரிலும் சொகுசு கெடாது. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்த ரிம்மில் யாராவது சாதாரண டயரை மாட்டிவிட்டால் ஆபத்து. அதைத் தடுக்கவே அளவுகளை அங்குலத்திலிருந்து விலக்கி 340, 365, 390, 415 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். ஃபெராரியிலிருந்து சாப் 900 டர்போ வரை, 1979-ஆம் ஆண்டின் ஃபோர்ட் மஸ்டாங்கிலும்கூட இந்தச் சக்கரம் இடம்பிடித்தது. பிறகு சாதாரணச் சக்கரத்துக்கான தட்டையான டயர்களே தேறிவிட்டன. டிஆர்எக்ஸ் மெல்ல மறைந்தது. சக்கரங்கள் மட்டும் கார்களில் மிஞ்சின.

இப்போது அந்தக் காரின் உரிமையாளருக்கு இரண்டே வழிகள். அசல் சக்கரத்தைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு, 15 அல்லது 16 அங்குலச் சக்கரத்துக்கு மாறலாம். அல்லது பழங்கார்களுக்காகச் சிறு எண்ணிக்கையில் இன்னமும் வார்க்கப்படும் டிஆர்எக்ஸ் டயரை, சாதாரண டயரைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கலாம். பெரும்பாலோர் முதல் வழியைத்தான் எடுத்தார்கள். இரண்டாவது வழியில் போகிறவர்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை. எல்லோருக்கும் டிஆர்எக்ஸ் போன்ற சோதனை வருவதில்லை; ஆனால் அசல் சக்கரத்தை விடமாட்டேன் என்று சொன்ன கணமே, டயர் தேர்வில் ரசனைக்கு இடம் குறைந்து கணக்குக்கும் வேதியியலுக்கும் இடம் கூடிவிடுகிறது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பழைய கையேட்டில் டயர் அளவு 5.60-15 என்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். உயரம் எங்கே? அது எழுதப்படவில்லை; அந்தக் காலத்தில் எழுதவேண்டிய தேவையும் இல்லை. டயரின் பக்கச்சுவர் ஏறக்குறைய அதன் அகலத்துக்குச் சமமான உயரம் கொண்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ரேடியல் டயர்கள் வந்தபின் அகலம் மில்லிமீட்டருக்கு மாறியது, ரிம் அங்குலத்திலேயே நின்றுவிட்டது. 165 ஆர் 15 என்று எழுதினார்கள். இங்கும் உயரம் இல்லை. அகலத்தில் சுமார் 82 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளவேண்டும். இன்றைய 165/80 ஆர் 15 கிட்டத்தட்ட அதேதான்.

இந்த எழுதப்படாத எண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். 15 அங்குல டயர்களில் இன்று எந்தக் கடையிலும் எளிதாகக் கிடைப்பது 195/65 ஆர் 15. ரிம் அளவு ஒன்றுதானே, கொஞ்சம் அகலமாக இருந்தால் பிடிப்பு கூடத்தானே செய்யும் என்று தோன்றும். பீட்டிலின் பழைய சக்கரம் 4 அங்குல அகலம்தான். 195/65 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் ஐந்தரையிலிருந்து ஏழு அங்குலம். அதைக் கொண்டுபோய் 4 அங்குலத்தில் திணித்தால் டயரின் இரண்டு விளிம்புகளும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி மேடாகப் புடைத்துக்கொள்ளும். தரையைத் தொடுவது நடுவில் ஒரு பட்டை மட்டுமே. வளைவில் பக்கச்சுவர் தள்ளாடும். அகலமான டயர் வாங்கி, குறுகலான பிடிப்பைப் பெற்றதுதான் மிச்சம்.

விட்டமும் கவனிக்கவேண்டியது. 165/80 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் 381 மில்லிமீட்டர் ரிம்மும், மேலும் கீழும் 132 மில்லிமீட்டர் பக்கச்சுவரும் சேர்த்து 645 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 195/60 ஆர் 15 மாட்டினால் 615 மில்லிமீட்டர். காரின் அடிவயிறு 15 மில்லிமீட்டர் தரையை நெருங்கிவிடும். இந்தச் சிறிய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு அதிகம் சுற்றவேண்டும். பழைய காரின் வேகமானி சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. எனவே முள் 80-இல் நிற்கும்போது கார் போவது 76-இல். அது போகட்டும். நான்கே கியர் கொண்ட ஒரு பழைய கார் நெடுஞ்சாலையில் ஏற்கெனவே மூச்சிரைத்துக்கொண்டு ஓடும். அதன் இன்ஜினை நிரந்தரமாக 5 விழுக்காடு கூடுதலாகச் சுழலவைப்பதுதான் உண்மையான நஷ்டம்.

பழைய அங்குல அளவுகளுக்கு நெருங்கிய ரேடியல் அளவுகள் ஏறக்குறைய வகுக்கப்பட்டவை. பத்மினியின் மூலமான ஃபியட் 1100-இன் 5.20-14-க்கு 145 ஆர் 14. பீட்டிலின் 5.60-15-க்கு 155 ஆர் 15. பின்னாளில் 165-உம் வந்தது. வால்வோ அமேசானின் 5.90-15-க்கு 165 ஆர் 15. ஜாகுவாரின் 6.40-15-க்கு 185 ஆர் 15. இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரின் அசல் அளவும் இதே 5.90-15 தான். 1960-களின் நடுவில் வந்த முதல் போர்ஷே 911 கார்கள் ஓடியதும் 165 அகல, 15 அங்குல டயரில். பீட்டில், வால்வோ, போர்ஷே ஆகிய மூன்றையும் போற்றிப் பாதுகாக்கும் ஆட்கள் உலகெங்கும் இருப்பதால் இந்த அளவு அழிந்துபோகவில்லை. சாதுவான அம்பாசடர், போர்ஷேக்காரர்கள் செலவழிக்கும் பணத்தின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது.

அடுத்த கேள்வி சிக்கலானது. ரேடியலா, பழைய பாணியிலான குறுக்கு இழை டயரா? தமிழ்நாட்டு டயர் கடைகளில் இரண்டாவதை நைலான் டயர் என்பார்கள்.

நைலான் டயரின் உள்ளே இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்வாக ஓடுகின்றன. அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடும். ஒரு கயிற்றுக் கட்டிலில் யாராவது உட்கார்ந்தால், உட்கார்ந்த இடம் மட்டுமா அமிழ்கிறது? பின்னல் முழுவதும் நகர்ந்து, கட்டம் கட்டமாக இருந்தவை எல்லாம் கோணிக்கொள்கின்றன. சாலையில் ஒவ்வொரு சுற்றிலும் டயருக்குள் நடப்பது அதுவே. இழைகள் ஒன்றோடொன்று உரச, சூடு பிறக்கிறது. பக்கச்சுவர் வளையும்போது தரையைத் தொடும் பகுதியும் கூடவே நெளிகிறது. அந்த நெளிவில் பட்டன், அதாவது தரையைத் தொடும் வரிப்பள்ள ரப்பர், தேய்கிறது.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முனைந்தவர் மாரியுஸ் மிஞோல். மிஷ்லனின் அச்சகப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஆய்வுப் பக்கம் வந்தவர். சோதனைக்காக அவர் செய்த டயரில் பக்கச்சுவரே கிடையாது. அதற்குப் பதிலாக இடைவெளிவிட்டு நிறுத்தப்பட்ட கம்பிகள், நேராக, ஆரத்தின் திசையில். பார்க்கப் பூச்சி பிடிக்கும் கூண்டு போலவே இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இழைகளை நேராக நிறுத்தினால் அவை ஒன்றையொன்று உரசுவதில்லை, சூடு குறைகிறது என்பது தெளிவானது. ஆனால் அப்படிப்பட்ட டயர் பக்கவாட்டில் உறுதியின்றி ஆடும். எனவே பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஒரு வார் சுற்றினார்கள். 1946-இல் காப்புரிமை, 1949-இல் சந்தை. மிஷ்லன் எக்ஸ் என்ற பெயரில் வந்த அந்த ரேடியல் டயருக்கு, மிஷ்லனின் கையில் இருந்த சிட்ரோயன் நிறுவனமே சோதனைக் களம் ஆனது. இந்தியாவுக்கு ரேடியல் வந்து சேர 1977 ஆயிற்று; ஜேகே டயர் கொண்டுவந்தது.

ரேடியலில் பக்கச்சுவர் தன் வேலையைப் பார்க்கிறது, பட்டன் தன் வேலையைப் பார்க்கிறது. வளைவில் பக்கச்சுவர் எவ்வளவு சாய்ந்தாலும் எஃகு வார் தட்டையாகத் தரையோடு ஒட்டியே இருக்கும். தேய்மானம் குறைவு, ஈரச் சாலையில் நிற்கும் தூரம் குறைவு, எரிபொருளும் சற்று மிச்சம். அப்படியானால் எல்லாப் பழைய கார்களுக்கும் ரேடியலையே மாட்டிவிட்டுப் போகலாமே?

அவ்வளவு எளிதில்லை. ஒரு காரின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் கோணங்கள் எல்லாமே எந்த டயரை நம்பி வடிவமைக்கப்பட்டனவோ அந்த டயரோடுதான் ஒத்துப்போகும். ரேடியலின் எஃகு வார், சாலையிலுள்ள ஒரு சிறு விளிம்பில் மோதும்போது முன்பின்னாக விட்டுக்கொடுக்காது. அந்த அதிர்ச்சியை உள்வாங்க சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் மென்மையாக இருக்கவேண்டும். 1950-களின் கார்களில் அப்படி இல்லை. அமெரிக்கக் கம்பெனிகள் ரேடியலை ஏற்க அத்தனை காலம் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ரேடியலையே வழக்கமான டயராகக் கொண்டு விற்பனைக்கு வந்த முதல் அமெரிக்கக் கார் 1970-ஆம் ஆண்டின் லிங்கன் கான்டினென்டல் மார்க் 3. ஐரோப்பாவில் லான்சியா ஔரேலியா 1950-இலேயே மிஷ்லன் எக்ஸ் போட்டுக்கொண்டு வந்துவிட்டது.

ஸ்டியரிங்கும் மாறுகிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் ரேடியல் மாட்டினால், வண்டியை நிறுத்த இடம் தேடித் திருப்பும்போது தோள்பட்டை அதை உணரும். வேகத்தில் போகும்போது நிலைமை தலைகீழ். கார் அலையாமல் நேராக ஓடும். நைலான் டயரோ சாலையின் ஒவ்வொரு வரிப்பள்ளத்தையும் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்றால் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிவிடும். காலையில் முதல் சில கிலோமீட்டர் தடதடவென்று அதிர்ந்துவிட்டு, நைலான் சூடேறியதும் சமாதானமாகும். ஆனாலும் அதற்கென்று ஒரு நற்குணம் உண்டு. பிடி நழுவப்போவதை நைலான் டயர் முன்கூட்டியே, படிப்படியாக உணர்த்தும். ரேடியல் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, விடும்போது சட்டென்று விட்டுவிடும்.

எனவே 1930-களின் ஆஸ்டின் செவன் போல 3.50-19 என்ற ஒல்லியான டயரில் பிறந்த காருக்கு நைலான் பாணியே பொருத்தம். அதை மாற்ற நினைப்பது வீண் வேலை. 1960-களுக்குப் பிந்தைய கார்களில், தயாரிப்பாளரே பின்னாளில் அதே மாடலுக்கு ரேடியல் கொடுத்திருந்தால், யோசிக்காமல் ரேடியலுக்குப் போகலாம். ஜாகுவார் இ-டைப் 1961-இல் டன்லப் ஆர்எஸ்5 என்ற 6.40-15 குறுக்கு இழை டயரோடுதான் வந்தது. சில ஆண்டுகளிலேயே 185 ஆர் 15 ரேடியல் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று அந்தக் காரைச் சாலையில் ஓட்டுபவர் 'அசல்' என்று சொல்லி ஆர்எஸ்5 பாணி டயரைத் தேடினால், அது காட்சிக்கு வைக்கும் கார் என்றே பொருள்.

இரண்டையும் கலப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. வளைவில் சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் போகும் திசையும் ஒன்றல்ல. டயர் சற்றே முறுக்கிக்கொள்வதால் இரண்டுக்கும் இடையே சில பாகை வித்தியாசம் இருக்கும். அந்த நழுவுகோணம் நைலானில் அதிகம், ரேடியலில் குறைவு. முன்னால் இரண்டு புது ரேடியலும் பின்னால் இரண்டு பழைய நைலானும் போட்டிருக்கும் காரைக் கற்பனை செய்யுங்கள். வளைவில் முன்பக்கம் சொன்னபடி திரும்பிவிடும். பின்பக்கம் அதே பிடிப்பைத் தர அதிகம் நழுவவேண்டியிருக்கும். பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு போய், கார் பம்பரமாகச் சுழல வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் இப்படி மாட்டுவது சட்டப்படியே குற்றம். தேய்ந்த இரண்டை மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடிக்க நினைப்பவர்கள் விழும் குழி இது.

டயர் முடிவானதும், எதில் மாட்டப்போகிறோம் என்று திரும்பிப் பார்க்கவேண்டும். அறுபது வயதான சக்கர டிஸ்க்குக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ரேடியல் அதிகப் பிடிப்பு தருகிறது என்றால், வளைவில் அந்தக் கூடுதல் விசை முழுவதும் ரிம் வழியாகவும் நட்டு போடும் துளைகள் வழியாகவும்தான் அச்சுக்குப் போய்ச்சேரவேண்டும். நைலான் காலத்து மெல்லிய எஃகு டிஸ்க் அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. நட்டுத் துளையைச் சுற்றியும், காற்றுப்போக விடப்பட்ட சந்துகளின் மூலையிலும் மயிரிழை வெடிப்பு தோன்றும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு நல்ல வெளிச்சத்தில் பார்த்தால்தான் அது தெரியும். பளபளவென்று மறுபடி பெயின்ட் அடித்த டிஸ்க்கை அப்படியே நம்பிவிடுவது பழங்கார் உலகில் சர்வசாதாரணமாக நடக்கும் அசட்டுத்தனம்.

கம்பி ஆரச் சக்கரங்களுக்கு வேறு பிரச்சினை. இ-டைப்பின் ஒவ்வொரு சக்கரத்திலும் 72 ஆரங்கள். ஒவ்வோர் ஆரத்தின் முனையும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. எழுபத்திரண்டு துளை உள்ள ரிம்மில் டியூப்லெஸ் டயரில் காற்று நிற்குமா? டியூப் கட்டாயம். ஆரமுனைகள் டியூபைக் குத்தாமல் இருக்க ரப்பர் நாடா ஒன்றும் சுற்றவேண்டும்.

சாதாரணப் பழைய டிஸ்க்கிலும் டியூப் போடுவதே நல்லது. காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இன்றைய ரிம்மின் உட்புறத்தில், டயர் விளிம்பு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், சிறு மேடு ஒன்று ஓடும். காற்று குறைந்த டயர் வளைவில் உள்பக்கமாக நழுவி விழாமல் அது தடுக்கிறது. பழைய ரிம்களில் அந்த மேடு கிடையாது. டியூப் இல்லாத டயர் விளிம்பு அங்கே நழுவினால் காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். டியூப் வாங்கும்போதும் ரேடியலுக்கு ஏற்றது என்று குறித்திருப்பதையே கேட்டு வாங்கவேண்டும், ஏனெனில் ரேடியலின் பக்கச்சுவர் அதிகம் மடங்கி நிமிரும். டயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காகித லேபிளைப் பிய்த்தெடுக்கவும் மறக்கக்கூடாது. அது டியூபை மாதக்கணக்கில் உரசி உரசியே பஞ்சராக்கிவிடும்.

டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் மற்ற எண்களில் இரண்டு முக்கியம். 165 ஆர் 15-க்குப் பின்னால் '86 டி' என்று இருந்தால், ஒரு டயர் 530 கிலோ தாங்கும், மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம்வரை ஓடும் என்று பொருள். பழைய டயர்களில் வேக எழுத்தை அளவுக்கு நடுவிலேயே செருகியிருப்பார்கள். எஸ் என்றால் 180, எச் என்றால் 210. காரின் எடையையும் வேகத்தையும் இவை தாண்டியிருந்தால் போதும், அதற்கும் மேலே போகத் தேவையில்லை. நைலான் டயரில் '6 ப்ளை' என்றிருந்தால் உள்ளே ஆறு அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய காலத்துப் பருத்தி இழையில் ஆறு அடுக்குக்குச் சமமான வலிமை என்று அர்த்தம். அளவு ஒத்துப்போகிறதே என்று சரக்கு வேனுக்குச் செய்த அதிக ப்ளை டயரை அம்பாசடரில் மாட்டுபவர்கள் உண்டு. டன் கணக்கில் மூட்டை சுமக்கக் கட்டிய அந்தப் பக்கச்சுவர், நான்கு பேர் உட்கார்ந்த காருக்காக வளைந்துகொடுக்காது. இடுப்புதான் வளைந்துகொடுக்கவேண்டும்.

காற்றழுத்தத்தை அற்ப விஷயமாக நினைப்பவர்களுக்கு செவ்ரோலே கார்வேர் ஒரு பாடம். இன்ஜினைப் பின்னால் வைத்து 1960 மாடலாக வெளிவந்த அந்த அமெரிக்கக் காருக்கு, நிறுவனம் சொன்ன அழுத்தம் முன்பக்கம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, பின்பக்கம் 26. எடையில் பெரும்பகுதி பின்னால் இருந்ததால் கார் பின்பக்கம் வீசிக்கொள்ளாமல் இருக்க, முன் டயரை வேண்டுமென்றே தொளதொளவென்று வைத்து அதன் நழுவுகோணத்தைக் கூட்டினார்கள். சஸ்பென்ஷன் செய்யவேண்டிய வேலையை டயர் காற்றின் தலையில் கட்டிய ஏற்பாடு அது. பெட்ரோல் பங்கில் நான்குக்கும் ஒரே அளவு காற்றடித்தால் ஏற்பாடு அத்தோடு முடிந்தது. 1965-இல் வெளியான ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீடு' நூலின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது. ஆகவே பழைய காரின் கையேட்டில் முன்பின் அழுத்தம் வேறுவேறாக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றவேண்டும். ரேடியலுக்கு மாறினால் இரு பக்கமும் சில பவுண்டு கூட்டிக்கொள்ளலாம். இடைவெளி மட்டும் மாறக்கூடாது.

இனி வேதியியல். பழங்கார்களின் டயர்கள் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காரில் பத்து வருடம் கழித்தும் பட்டன் புத்தம் புதிதாக நிற்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்திருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் டயருக்குள் ஊடுருவிப் போகப்போக அந்தப் பிணைப்புகள் மாறி, ரப்பர் இறுகி, எஃகு வாரின் ஓரங்களில் பிடிப்பு விட்டுப்போகிறது. வெளியே ஓசோன் வெடிப்புகளை உண்டாக்குகிறது. ஓசோனைத் தடுக்கச் சேர்க்கும் மெழுகும் 6பிபிடி போன்ற வேதிப்பொருள்களும் டயர் வளைந்து நிமிரும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து வரும். ஓடாமல் நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. (இந்த 6பிபிடி சிதைந்து உருவாகும் ஒரு பொருள்தான் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றுவந்தது என்பது 2020-இல் தெரியவந்தது, அது தனிக் கதை.)

வெயில் இதை விரைவுபடுத்துகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2007-இல் தந்த அறிக்கையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. டெக்சாஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய வெப்ப மாநிலங்களில் இருந்தவர்கள் அதன் வாடிக்கையாளர்களில் 27 விழுக்காடு. டயர் பழுதுக்காக வந்த கோரிக்கைகளில் 77 விழுக்காடு அங்கிருந்து வந்தவை. சென்னையிலோ வேலூரிலோ ஷெட்டில் நிற்கும் காருக்கு ஐரோப்பியர்கள் சொல்லும் பத்து வருடக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

2012 செப்டம்பரில் வைட் தீவின் இசை விழாவிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பிய ஒரு பேருந்து, இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஏ3 சாலையில் முன் டயர் வெடித்து விபத்துக்குள்ளானது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதுக்கும் மேல், பேருந்தைவிடவே மூத்தது. பட்டன் ஆழம் சட்டம் கேட்ட அளவுக்குக் குறையாமல் இருந்ததால் அதுவரை யாரும் அதைக் குற்றம் சொல்லவில்லை. இறந்த இளைஞர் ஒருவரின் தாய் பல ஆண்டுகள் போராடியபின், 2021 பிப்ரவரி முதல் பிரிட்டனில் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வயது தாண்டிய டயர் ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. சொந்தக் கார்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பழங்கார் வைத்திருப்பவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளவேண்டிய சட்டம் அது.

வயதைத் தெரிந்துகொள்வது எளிது. பக்கச்சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2318 என்றிருந்தால், 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். மேற்கொண்டு பேச எதுவுமில்லை. அபூர்வ அளவுகளை வாங்கும்போது இந்தச் சோதனை இன்னும் முக்கியம். அதிகம் விற்காத அளவை ஆலைகள் எப்போதாவது ஒருமுறை ஒரு தொகுதியாக வார்த்துவிட்டு நிறுத்திவிடும். 'புத்தம் புதுசு' என்று கடைக்காரர் எடுத்துத் தரும் டயர் கிடங்கிலேயே பல வருடங்களைக் கழித்திருக்கலாம். பணம் கொடுக்குமுன் நான்கு டயரின் தேதியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சட்டனூகா நகரில் 1958-இல் ஹரால்ட் கோக்கர் தொடங்கிய கோக்கர் டயர், ஃபயர்ஸ்டோன், பிஎஃப் குட்ரிச் போன்ற பழைய பெயர்களில் உரிமம் பெற்று டயர் செய்கிறது. தோற்றத்தில் 1950-களின் நைலான் டயர், உள்ளே ரேடியல் என்ற ஒரு தந்திரப் பிறவியும் அவர்களிடம் உண்டு. பிரெல்லி தன் பழைய சிந்துராத்தோ வகைகளை 'கொலெட்சியோனே' என்ற பெயரில் மறுபடி வார்க்கிறது. பட்டன் வடிவம் பழையது, ரப்பர் கலவை இன்றையது. நெதர்லாந்தின் வ்ரெடஸ்டைன், ஸ்பிரின்ட் கிளாசிக் என்ற வரிசையைத் தருகிறது. இந்தியாவில் இருப்பவருக்கு இவை எட்டுவது கடினம். கார் டயருக்கு இங்கே ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். போதாததற்கு 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதியைத் தாராளப் பட்டியலிலிருந்து எடுத்து, உரிமம் வாங்கவேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள். ஆகவே இங்குள்ளவர்கள் கார் வாங்குமுன்பே அதன் டயர் அளவு உள்ளூரில் கிடைக்குமா என்று விசாரிப்பது புத்திசாலித்தனம்.

வாங்கும்போது நான்கு போதாது, ஐந்தாக வாங்கவேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியாகக் கிடக்கும் டயருக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, அதுவும் பலமுறை மாற்றிய மற்ற நான்கைவிட மூத்ததாக. பீட்டிலில் இது இன்னும் வேடிக்கை. 1960-களில் அதன் முன்கண்ணாடியைக் கழுவும் நீரைப் பீய்ச்ச மோட்டார் கிடையாது; முன் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியின் காற்றைத்தான் ஒரு குழாய் வழியாக நீர்த்தொட்டிக்குக் கொடுத்தார்கள். ஸ்டெப்னி முழுவதும் இறங்கிவிடாமல் இருக்க, குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே போனதும் குழாயை அடைத்துவிடும் வால்வு ஒன்று உண்டு. அசல் தன்மை கெடாத பீட்டிலில் அந்தக் குழாய் இன்னமும் இருக்கும். கண்ணாடியில் நீர் வரவில்லை என்றால் அதன் உரிமையாளர் முதலில் பார்ப்பது ஐந்தாவது டயரின் காற்றை.